பெனிசிலினுக்கு ஒரு மெய்க்காப்பாளன்

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உறவினர்கள் பல நேரங்களில் ஒரு காகிதத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள். நோயாளியின் ரத்தத்தையோ சிறுநீரையோ கல்ச்சர் செய்து, உள்ளே இருப்பது எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து பலிக்கும் என்று லேப் தரும் அறிக்கை அது. வருவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். ஒரு பக்கம் மருந்துகளின் பெயர்கள். எதிரே 'எஸ்' என்றோ 'ஆர்' என்றோ ஒற்றை எழுத்து. எஸ் என்றால் கிருமி மருந்துக்குப் பணியும். ஆர் என்றால் பணியாது. இந்தியாவின் பெரிய மருத்துவமனைகளில் இந்தக் காகிதத்தில் ஆர் வரிசை நீண்டுகொண்டே போகிறது. அதில் பெரும்பகுதி ஈ.கோலை, கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ் ஆகிய கிருமிகளின் கைவரிசை. இவை எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர், கிராம் நெகட்டிவ்.

பெயர் வந்தது ஒரு சாயத்தால். 1884-ல் பெர்லினில் வேலை பார்த்துக்கொண்டிருந்த டென்மார்க் டாக்டர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், கிருமிகளுக்கு ஊதாச் சாயம் ஏற்றிப் பிறகு ஆல்கஹாலால் கழுவிப் பார்த்தார். சில கிருமிகள் சாயத்தைப் பிடித்துக்கொண்டன. சில விட்டுவிட்டன. விட்டவை கிராம் நெகட்டிவ். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கிருமியின் சுவர் என்பது அன்று யாருக்கும் தெரியாது.

பெனிசிலின் கதையைப் பள்ளிப் புத்தகங்கள் வெற்றிக் கதையாகவே சொல்கின்றன. 1928-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங்கின் தட்டில் பூஞ்சை விழுந்தது, சுற்றியிருந்த கிருமிகள் செத்தன. ஆனால் அடுத்த ஆண்டு அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே வேறு விஷயத்தைச் சொல்கிறது. அவர் முன்னிறுத்திய உபயோகம் நோயைக் குணப்படுத்துவது அல்ல. அப்போது இன்ஃப்ளூயன்ஸா கிருமி என்று அழைக்கப்பட்ட ஒன்றைத் தனியே பிரித்து வளர்ப்பது. பூஞ்சைச் சாறு தொண்டைச் சளியிலுள்ள மற்ற பல கிருமிகளை அடக்கிவிடும். இதை மட்டும் தொடாது. எனவே இது தனியாகத் தழைத்து வளரும். ஆக, பெனிசிலினின் முதல் வேலை அது கொல்லாத ஒரு கிருமியைக் காட்டிக் கொடுப்பதாக இருந்தது. அந்தக் கிருமி ஒரு கிராம் நெகட்டிவ்.

1940 டிசம்பரில் இன்னொரு சேதி வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பெனிசிலினை மருந்தாக்கப் போராடிக்கொண்டிருந்த குழுவைச் சேர்ந்த எட்வர்ட் ஏப்ரகாமும் எர்ன்ஸ்ட் செய்னும், ஈ.கோலை கிருமியில் பெனிசிலினை அழிக்கும் ஒரு என்ஸைம் இருப்பதாக 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு போலீஸ்காரர் ஒருவருக்கு அந்த மருந்து ஊசி மூலம் போடப்பட்டது 1941 பிப்ரவரியில். மருந்து சிகிச்சைக்கு வருவதற்கு முன்பே அதன் எதிரி தயாராக இருந்தது.

பெனிசிலின் எப்படிக் கொல்கிறது? பாக்டீரியாவின் உடலைச் சுற்றி வலை மாதிரி ஒரு சுவர் உண்டு. நீளமான சர்க்கரைச் சங்கிலிகளை அமினோ அமிலத் துண்டுகளால் குறுக்கே முடிச்சுப் போட்டுக் கட்டிய வலை. கிருமிக்குள் அழுத்தம் அதிகம். வலை கெட்டியாக இல்லாவிட்டால் அது தண்ணீரை உறிஞ்சி வெடித்துவிடும். கிருமி வளர்ந்து இரண்டாகப் பிரியும்போது பழைய முடிச்சுகளை அவிழ்த்துப் புதியவற்றைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முடிச்சுப் போடும் என்ஸைம்கள்தான் பெனிசிலினின் குறி. முடிச்சு விழ வேண்டிய நுனியைப் போலவே பெனிசிலின் மூலக்கூறும் வடிவத்தில் இருக்கிறது என்பதை அமெரிக்காவில் டிப்பரும் ஸ்ட்ரோமிங்கரும் 1965-ல் விளக்கினார்கள். என்ஸைம் ஏமாந்து மருந்தைப் பிடிக்கிறது. பிடித்த கையை எடுக்க முடிவதில்லை. அவிழ்ப்பது நடக்கிறது, கட்டுவது நிற்கிறது. சுவர் பொத்தலாகிறது.

இந்தப் பிடிக்குக் காரணம் மருந்தின் நடுவில் இருக்கும் பீட்டா லாக்டம் என்கிற சின்ன வளையம். மூன்று கார்பன், ஒரு நைட்ரஜன் சேர்ந்த நாற்கோணம். நாண் ஏற்றிய வில் மாதிரி விறைப்பாக இருக்கும். தொட்டதும் திறந்து என்ஸைமில் ஒட்டிக்கொள்ளும். பெனிசிலின்கள் மட்டுமல்ல, செஃபலோஸ்போரின்கள், கார்பாபெனெம்கள் எல்லாமே இந்த வளையத்தைச் சுமக்கும் ஒரே குடும்பம். மனித செல்லுக்கு இப்படிப்பட்ட சுவர் கிடையாது. அதனால் அலர்ஜி உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு பெனிசிலின் சாதுவான மருந்து.

கிராம் பாசிட்டிவ் கிருமிகளின் சுவர் தடிமனானது என்றாலும் திறந்த வெளியில் நிற்கிறது. மருந்து நேராக வந்து மோதலாம். கிராம் நெகட்டிவ் கிருமியின் சுவர் மெல்லியது. ஆனால் அதற்கு வெளியே கொழுப்பால் ஆன இன்னொரு சவ்வு போர்வை போலச் சுற்றியிருக்கிறது. உள்ளே போக, போரின் எனப்படும் தண்ணீர் நிறைந்த குறுகலான புரதக் குழாய்கள்தான் வழி. பழைய பெனிசிலின் ஜி அதில் நுழையத் திணறுகிறது.

நுழைந்தாலும் நிம்மதி இல்லை. வெளிச்சவ்வுக்கும் உள்சவ்வுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. பீட்டா லாக்டமேஸ் என்கிற என்ஸைம் அங்கே காத்திருக்கிறது. அது வளையத்தைப் பிடித்து, ஒரு தண்ணீர் மூலக்கூறின் உதவியால் உடைத்து, வெளியே தள்ளிவிட்டு அடுத்ததற்குத் தயாராகிவிடும். வேகமான ரகங்கள் ஒரு வினாடியில் ஆயிரம் பெனிசிலின் மூலக்கூறுகளை முறிக்கும். மருந்து சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே வருகிறது என்பதால் கொஞ்சம் என்ஸைமே போதும். தப்பிப் பிழைப்பதை வெளியே இறைக்க பம்ப்புகளும் உண்டு. குறுகிய வாசல், சந்தில் கசாப்பு, பின்னால் பம்ப் என்று மூன்றும் ஒன்றுக்கொன்று கைகொடுப்பதுதான் கிராம் நெகட்டிவ்களின் பலம். இதில் ஒரு வேடிக்கை, மருந்தை உடைக்கும் இந்த என்ஸைம், மருந்தின் குறியான முடிச்சு என்ஸைமுக்கு உறவு. அதன் வம்சத்திலிருந்துதான் இது பிறந்தது என்று கருதுகிறார்கள். ஒட்டிக்கொண்ட மருந்தை உதறத் தெரிந்தது மட்டும்தான் புதிய வித்தை.

வாசல் பிரச்னைக்கு முதல் விடை பிரிட்டனில் கிடைத்தது. பீச்சம் நிறுவனத்தார் 1957-ல் பெனிசிலினின் மையக் கருவைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அதில் விருப்பம் போல வால்களை ஒட்டலாம் என்றாயிற்று. ஓர் அமினோ தொகுதியை ஒட்டியபோது பிறந்தது ஆம்பிசிலின். தண்ணீர் நிறைந்த குழாயில் அது எளிதாக நுழைந்தது. 1961-ல் சந்தைக்கு வந்தது. சிறுநீர்த் தொற்று, டைஃபாய்டு என்று பெனிசிலின் எட்டாத இடங்களுக்கெல்லாம் அது எட்டியது.

கொண்டாட்டம் நீடிக்கவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் ஏதென்ஸ் நகரில் ஒரு நோயாளியிடமிருந்து கிடைத்த ஈ.கோலை, ஆம்பிசிலினை உடைத்தது. லண்டனில் நவோமி தத்தாவும் கான்டோமிக்கலூவும் 1965-ல் அதை விவரித்தார்கள். நோயாளியின் பெயரின் முதல் மூன்று எழுத்துகளே என்ஸைமின் பெயராயிற்று. டெம். என்ஸைமை விட அதன் வாகனம்தான் கவலைக்குரியதாக இருந்தது. அதன் ஜீன் கிருமியின் குரோமோசோமில் இல்லை. பிளாஸ்மிட் என்கிற தனி வளையத்தில் இருந்தது. ஒரு கிருமி இன்னொன்றை ஒட்டி நின்று அதன் பிரதியைக் கொடுத்துவிட முடியும். ஒரே இனமாக இருக்க வேண்டும் என்பதுகூடக் கிடையாது. வயிற்றுப்போக்குக் கிருமிகள் இப்படிக் கூட்டமாக எதிர்ப்பை வாங்கிக்கொள்வதை ஜப்பானியர்கள் ஐம்பதுகளிலேயே கண்டிருந்தார்கள். 'இவர் உடம்புக்கு அந்த மருந்து பழகிவிட்டது' என்று வீடுகளில் சொல்வதுண்டு. பழகுவது உடம்பு அல்ல, கிருமி. எனவே மருந்தே சாப்பிடாத ஒருவருக்கும், வேறொருவர் உடலில் எதிர்ப்பைக் கற்ற கிருமி வந்து சேரலாம்.

எழுபதுகளில் பீச்சம் வேறு மாதிரி யோசித்தது. மருந்தை மாற்றுவதற்குப் பதில், அதற்கு ஒரு மெய்க்காப்பாளனைக் கூட அனுப்பினால் என்ன? மண்ணில் வாழும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிருமியிலிருந்து கிளாவுலானிக் அமிலம் கிடைத்தது. அதிலும் பீட்டா லாக்டம் வளையம் உண்டு. ஆனால் தனியாகக் கிருமிகளைக் கொல்லும் சக்தி மிகக் குறைவு. அதன் வேலை கடிபடுவது. என்ஸைம் அதைக் கடிக்கிறது. ஜவ்வு மிட்டாய் மாதிரி வாயில் ஒட்டிக்கொள்கிறது. அந்த நேரத்தில் கூட வந்த அமாக்சிசிலின் தப்பித்துச் சுவரை அடைகிறது. ஆக்மென்டின் என்ற பெயரில் 1981-ல் பிரிட்டனில் வந்த இந்த ஜோடி, இந்தியாவில் பல பெயர்களில் மிக அதிகமாக விற்கும் ஆண்டிபயாடிக்குகளில் ஒன்று. வைரஸால் வரும் சாதாரண ஜலதோஷத்துக்கும் இதை எழுதிக் கொடுக்கும் பழக்கம் உண்டு. வைரஸுக்கு இந்தச் சுவரே கிடையாது என்பதால் அங்கே இதற்கு வேலையும் கிடையாது. குடலில் இருக்கும் அப்பாவிக் கிருமிகளை அழித்து, எதிர்ப்புள்ளவற்றுக்கு இடம் ஒதுக்கித் தருவதுதான் மிச்சம். மருத்துவமனைகளில் இதே உத்தியின் பெரிய வடிவம் பைபராசிலின்-டாசோபாக்டம் ஊசி.

இதற்குள் செஃபலோஸ்போரின்கள் மூன்றாம் தலைமுறைக்கு வந்திருந்தன. டெம் உடைக்க முடியாதபடி செய்யப்பட்டவை. 1983-ல் ஜெர்மனியிலிருந்து அவற்றையும் உடைக்கும் என்ஸைம்கள் பற்றித் தகவல் வந்தது. பழைய என்ஸைமில் ஒன்றிரண்டு அமினோ அமிலங்கள் மாறி, வாய் அகலமாகியிருந்தது. மருத்துவர்கள் இவற்றை ஈ.எஸ்.பி.எல். என்கிறார்கள். இந்த ரகத்தில் இன்று உலகெங்கும் பரவியிருக்கும் சி.டி.எக்ஸ்-எம்-15 என்ற என்ஸைம் முதலில் விவரிக்கப்பட்டது, 1999-ல் புதுதில்லியில் சேகரிக்கப்பட்ட கிருமிகளில்.

அது நோயாளிகளோடு நின்றுவிடவில்லை. 2010-ல் ஸ்வீடனில் வெளியான ஓர் ஆய்வில், வெளிநாடு போகுமுன் குடலில் இந்தக் கிருமி இல்லாதிருந்த 100 பயணிகளைத் திரும்பி வந்தபின் பரிசோதித்தார்கள். 24 பேரிடம் இருந்தது. இந்தியா வந்துபோன 8 பேரில் 7 பேரிடம் இருந்தது. எண்ணிக்கை சிறிது என்பது உண்மை. ஆனால் வந்துபோனவர்களுக்கே இப்படி என்றால் இங்கேயே இருப்பவர்கள் கணக்கை ஊகிப்பது கடினமல்ல. குடலில் அது சும்மா இருக்கும். ஆபரேஷன், கேன்சர் சிகிச்சை, சிறுநீர்க் குழாய் என்று ஏதாவது வாய்ப்பு வரும்போது ரத்தத்தில் இறங்கும்.

மெய்க்காப்பாளன் இங்கேயும் காப்பாற்றுமா? லேப் அறிக்கையில் பைபராசிலின்-டாசோபாக்டத்துக்கு எதிரே எஸ் என்று வருவதுண்டு. அதை நம்பலாமா என்று பார்க்க 9 நாடுகளில் 'மெரினோ' என்ற பரிசோதனை நடந்தது. ரத்தத்தில் இப்படிப்பட்ட ஈ.கோலை அல்லது கிளெப்சியெல்லா உள்ளவர்களில் ஒரு பாதிக்கு அந்த ஊசி, மறு பாதிக்கு மெரோபெனெம். எல்லாக் கிருமியும் இரண்டு மருந்துக்கும் எஸ் என்று சொல்லப்பட்டவைதான். 2018-ல் வெளியான முடிவு டாக்டர்களை உலுக்கியது. 30 நாளில் இறந்தவர்கள் மெரோபெனெம் பிரிவில் 3.7 சதவீதம், மற்றதில் 12.3 சதவீதம். பரிசோதனை திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்தப்பட்டது. இறந்தவர்களில் பலருக்கு வேறு கடும் நோய்களும் இருந்தன. லேப் முறைகளைப் பற்றியும் சர்ச்சை எழுந்தது. ஆனால் காரணம் பிறகு ஓரளவு புரிந்தது. பல கிருமிகள் ஈ.எஸ்.பி.எல். மட்டுமல்லாமல் ஆக்ஸா-1 என்ற இன்னொரு என்ஸைமையும் வைத்திருந்தன. டாசோபாக்டம் அதைச் சரியாகக் கட்டிப்போடுவதில்லை. லேப் தட்டில் கிருமி கொஞ்சம், என்ஸைமும் கொஞ்சம். சீழ் நிறைந்த உடலில் கணக்கு வேறு.

எனவே கார்பாபெனெம் என்றாயிற்று. எண்பதுகளில் வந்த இமிபெனெம், பிறகு மெரோபெனெம். கடைசியில் எடுக்க வேண்டிய ஆயுதம் பல ஐ.சி.யூ.க்களில் முதல் நாளே எடுக்கும் ஆயுதமானது. அதற்கும் பதில் வந்தது. 2008-ல், தில்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் கார்பாபெனெம்களை உடைக்கும் புதிய என்ஸைம் கண்டுபிடிக்கப்பட்டது. வைத்த பெயர், நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ், சுருக்கமாக என்.டி.எம்.-1. 2010 ஆகஸ்டில் 'லான்செட்' குழும இதழில், சென்னை ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி முதல் பெயராக இடம்பெற்ற கட்டுரை, சென்னையில் 44 பேரிடமும் ஹரியானாவில் 26 பேரிடமும் பிரிட்டனில் 37 பேரிடமும் இது இருப்பதைக் காட்டியது. தலைநகரின் பெயரை ஒரு கிருமியின் என்ஸைமுக்கு வைத்ததா என்று தில்லியில் கொதித்தார்கள். மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள். பெயர் வைத்தது தவறு என்று லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் 2011 ஜனவரியில் வருத்தமும் தெரிவித்தார். அதே ஆண்டில், தில்லியின் 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய 171 நீர் மாதிரிகளில் 51-லும் அந்த ஜீன் இருந்ததாக இன்னொரு கட்டுரை வந்தது. பெயரைப் பற்றிய கோபத்தில் பாதி தண்ணீரைப் பற்றி இருந்திருக்கலாம்.

விலை கொடுப்பவர்களில் மிகச் சிறியவர்கள், பிறந்து சில மணி நேரமே ஆனவர்கள். தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை பச்சிளங்குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2016-ல் வெளியானது. ரத்தத்தில் கிடைத்த கிருமிகளில் முதல் மூன்று இடங்கள் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை. மூன்றும் கிராம் நெகட்டிவ். அசினெட்டோபாக்டரில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கு அடங்காதவை. பச்சிளங்குழந்தையின் ரத்தத் தொற்றுக்கு உலகெங்கும் முதலில் தரச் சொல்லும் ஜோடி ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும். கிளெப்சியெல்லா பிறவியிலேயே ஆம்பிசிலினுக்கு அடங்காதது.

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. செஃபிக்ஸிம் முதல் மெரோபெனெம் வரை பல மருந்துகளை ஷெட்யூல் எச்-1 பட்டியலில் சேர்த்த விதி 2014 மார்ச்சில் அமலுக்கு வந்தது. கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் ஒரு ரிஜிஸ்தரில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அமாக்சிசிலின் அதில் இல்லை, பழைய ஷெட்யூல் எச்-சிலேயே இருக்கிறது. அதற்கும் சட்டப்படி சீட்டு வேண்டும். எத்தனை கடைகளில் கேட்கிறார்கள் என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரியும்.

இதற்கிடையே மெய்க்காப்பாளன் உத்திக்குப் புதிய உயிர் வந்திருக்கிறது. சென்னையின் ஆர்க்கிட் நிறுவன ஆய்வுக்கூடத்தில் டாசோபாக்டத்தை எடுத்து அதில் ஒரே ஒரு மெதில் தொகுதியை ஒட்டினார்கள். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். அதனால் மூலக்கூறில் பாஸிட்டிவ், நெகட்டிவ் மின்னூட்டம் இரண்டும் சேர்ந்தன. கிராம் நெகட்டிவ்வின் குறுகலான வாசலில் நுழைவது எளிதாயிற்று. என்மெட்டாசோபாக்டம் என்ற இதை செஃபெபிம் மருந்தோடு சேர்த்து, கடுமையான சிறுநீர்த் தொற்று உள்ளவர்களிடம் பைபராசிலின்-டாசோபாக்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2022-ல் வெளியான முடிவின்படி வெற்றி 79 சதவீதம், பழைய ஜோடிக்கு 59. ஜெர்மனியின் அலெக்ரா நிறுவனம் வளர்த்தெடுத்த இந்த ஜோடிக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. கார்பாபெனெமைத் தொடாமலே ஈ.எஸ்.பி.எல். கிருமிகளைச் சமாளிக்கலாம் என்பதுதான் இதில் இந்தியாவுக்கு உள்ள லாபம்.

என்.டி.எம்.மிடம் இது செல்லாது. அந்த என்ஸைம் துத்தநாக அணுக்களைக் கொண்டு வெட்டுகிறது. ஜவ்வு மிட்டாய் ஒட்டிக்கொள்ளும் பல்லே அதற்கு இல்லை. ஆனால் அதற்கும் உடைக்கத் தெரியாத ஒரு பழைய மருந்து உண்டு. 1986-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அஸ்ட்ரியோனம். சிக்கல் என்னவென்றால், என்.டி.எம். உள்ள கிருமி வழக்கமாக ஈ.எஸ்.பி.எல்.லையும் சேர்த்தே சுமக்கிறது. அது அஸ்ட்ரியோனத்தை முறித்துவிடும். ஈ.எஸ்.பி.எல்.லைக் கட்டிப்போட அவிபாக்டம் என்ற மெய்க்காப்பாளன் இருக்கிறது. முதலில் அது செஃப்டாசிடிம் என்ற வேறு மருந்தோடுதான் ஜோடியாகக் கிடைத்தது. எனவே இந்திய ஐ.சி.யூ.க்களில் டாக்டர்கள் அந்த ஊசியையும் அஸ்ட்ரியோனத்தையும் ஒரே நேரத்தில் ஏற்றினார்கள். கம்பெனிகள் சேர்த்து வைக்காத ஜோடியை நோயாளியின் நரம்புக்குள் சேர்த்து வைத்தார்கள் என்று சொல்லலாம். அஸ்ட்ரியோனம்-அவிபாக்டம் ஒரே புட்டியில் ஐரோப்பாவில் 2024-லும் அமெரிக்காவில் 2025-லும் அனுமதி பெற்றது.

அதற்குள் இந்திய லேப்களில் இன்னொன்று தென்பட்டுவிட்டது. இங்கே என்.டி.எம். சுமக்கும் பல ஈ.கோலைகளில், முடிச்சுப் போடும் மூன்றாம் எண் என்ஸைமில் நான்கு அமினோ அமிலங்கள் கூடுதலாக முளைத்திருக்கின்றன. அஸ்ட்ரியோனம் பிடிக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே. மெய்க்காப்பாளன் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தாலும் மருந்து சரியாக உட்கார முடிவதில்லை. வோக்கார்ட் நிறுவனம் தயாரித்த ஜிடெபாக்டம் இந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. செஃபெபிம் மூன்றாம் எண்ணைத் தாக்கும்போது, ஜிடெபாக்டம் இரண்டாம் எண் முடிச்சு என்ஸைமை நேராகப் பிடிக்கிறது. அது காவலுக்கு வரவில்லை, தாக்குவதற்கே வருகிறது. அதன் மூன்றாம் கட்ட மனிதப் பரிசோதனையின் முடிவுகளை நிறுவனம் 2025-ல் அறிவித்தது. ஒப்பீட்டுக்கு எதிரே வைத்த மருந்து, மெரோபெனெம்.